பொம்மைப் பாலம் ஏன் அவசரமாக விழுகிறது?



இந்த வார இறுதிக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டதா? நுகேகொடையில் இருக்கிற உனக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் கல்கிசைக் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை கித்துல்கல. இரண்டும் ஒரே சினிமாப் படம் எடுத்த இடங்கள்.

‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்பது படத்தின் பெயர். டேவிட் லீன் இயக்கி, 1957இல் வெளிவந்து, ஏழு ஒஸ்கார் விருதுகளை வாங்கிய படம். அதில் ஆஸ்பத்திரியாக வருவது நம்முடைய கல்கிசை ஹோட்டல்தான். அலையில் கால் நனைத்துக்கொண்டே திரும்பிப் பார். மேட்டில் வெள்ளையாகத் தெரியும்.

கித்துல்கலவுக்கு ஹைலெவல் வீதியில் பஸ் ஏறி, அவிசாவளையில் இறங்கி, ஹட்டன் பஸ்ஸுக்கு மாற வேண்டும். அங்கே ஓடுவது களனி கங்கை. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குத் தெரிந்த முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறதே, அதே ஆறுதான். ஆனால் இங்கே பாறைகளுக்கு நடுவே பாய்கிறது. அம்மா அப்பாவின் கையை விட்டுவிட்டு ஆற்றில் இறங்கக் கூடாது, சரியா?

கரையோரம் உற்றுப் பார்த்தால் கொங்கிறீற்று அடித்தளங்கள் தெரியும். அந்த இடத்தில்தான் படத்துக்காக ஒரு மரப்பாலம் கட்டினார்கள். ஏறத்தாழ 425 அடி நீளம், 50 அடி உயரம். யானைகள் மரம் இழுத்தன. பழைய நிஜ ரயில் ஒன்றையும் கொண்டுவந்தார்கள். 1957 மார்ச்சில் வெடிவைத்து, பாலத்தையும் ரயிலையும் ஆற்றுக்குள் விழுத்தினார்கள்.

இன்னொரு விஷயமும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கதையில் வரும் ரயில் பாதை தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க, 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் போட்ட பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்த வேலைக்காகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இறந்தார்கள். படம் அதே பாதையில் வேலை செய்த போர்க்கைதிகளின் கதையைத்தான் சொல்கிறது. அந்தத் தமிழர்களின் கதையைச் சொல்லவில்லை. படம் பார்க்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்.

இப்போது உன் மனதில் ஒரு கேள்வி வந்திருக்குமே! உடைக்கப்போகிற பாலத்தை எதற்காக அவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும்? ஒரு பொம்மைப் பாலம் போதாதா?

அருமையான கேள்வி. சினிமாவில் பொம்மை வைத்தும் எடுப்பார்கள்தான். ஆனால் பொம்மை நம் கண்ணை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. ஒரு றப்பர் பந்தை எடுத்துக்கொள், சொல்கிறேன்.

சாப்பாட்டு மேசை ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் உயரம். அதன் விளிம்பிலிருந்து பந்தை விடு. நிலத்தைத் தொட 0.4 செக்கன் எடுக்கும். இனி மாடியிலிருந்து, 3 மீற்றர் உயரத்திலிருந்து விடு. உயரம் நான்கு மடங்கு. நேரமும் நான்கு மடங்கா? இல்லை. 0.8 செக்கன்தான். இரண்டு மடங்கு.

ஏன் அப்படி? விழுகிற பொருள் ஒரே வேகத்தில் விழுவதில்லை. விழ விழ அதன் வேகம் கூடிக்கொண்டே போகிறது. முதல் செக்கனில் ஏறத்தாழ 5 மீற்றர்தான் விழும். அடுத்த செக்கனில் 15 மீற்றர் விழுந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர் இத்தாலி நாட்டின் கலிலியோ. 1638இல் அச்சான அவருடைய புத்தகத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. நேராக விழும் பொருளை அளக்க அந்தக் காலத்தில் நல்ல கடிகாரம் இல்லை. அதனால் சரிவான பலகையில் குண்டை உருட்டி, விழுவதை மெதுவாக்கி அளந்தார். எவ்வளவு கெட்டிக்கார யோசனை!

இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் பந்தை இன்னும் இரண்டு தரம் விட்டுப் பார். அவசரமே இல்லை.

சரி, இனிப் பாலத்துக்கு வருவோம். 50 அடி என்றால் ஏறத்தாழ 15 மீற்றர். அங்கிருந்து ஒரு மரத்துண்டு ஆற்றில் விழ 1.75 செக்கன் ஆகும். சினிமாக் கமரா ஒரு செக்கனில் 24 படங்கள் எடுக்கும். ஆகவே அந்த விழுகையில் 42 படங்கள் கிடைக்கும்.

பாலத்தை 25 மடங்கு சிறிதாக்கினால் உயரம் 60 சென்ரிமீற்றர். மரத்துண்டு 0.35 செக்கனில் விழுந்துவிடும். அதாவது ஐந்து மடங்கு அவசரம்! ஐந்தை ஐந்தால் பெருக்கினால் 25, பார்த்தாயா? எட்டுப் படங்களுக்குள் எல்லாம் முடிந்துபோகும். பார்ப்பவர்கள் ‘இது பொம்மை’ என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

இதற்குப் படக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கமராவை ஐந்து மடங்கு வேகமாக ஓட்டுவார்கள். செக்கனுக்கு 24 படத்துக்குப் பதிலாக 120 படம். பிறகு திரையில் வழக்கமான வேகத்தில் ஓடவிடுவார்கள். 0.35 செக்கனில் எத்தனை படம் கிடைக்கும் என்று பெருக்கிப் பார். அதே 42! பொம்மைப் பாலமும் நிஜப் பாலம் மாதிரியே நிதானமாக விழும்.

ஆனால் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரின் மேற்பரப்புக்கு ஓர் இழுவிசை உண்டு. அது தண்ணீரைத் துளியாகத் திரட்டிவைக்கிறது. பாலம் சிறிதானாலும் அந்த விசை மாறாது, ஆகவே துளியும் பாலத்தோடு சேர்ந்து சிறிதாகாது. பொம்மைப் பாலத்தின் பக்கத்தில் தெறிக்கும் 4 மில்லிமீற்றர் துளி, திரையில் 10 சென்ரிமீற்றர் துளியாகத் தெரியும். மாம்பழம் அளவுத் துளி! நிஜ ஆற்றில் அப்படி ஒரு துளியை யாராவது பார்த்திருக்கிறார்களா?

நிஜப் பாலத்தில் இந்தக் கஷ்டம் ஒன்றும் இல்லை. வேறொரு கஷ்டம் இருந்தது. ஒரே ஒரு தரம்தான் உடைக்கலாம்! அதனால் பல கமராக்களைப் பல இடங்களில் வைத்தார்கள். முதல் நாள் ஓர் ஒளிப்பதிவாளரிடமிருந்து ‘நான் தயார்’ என்ற சைகை வரவில்லை. வெடியை வெடிக்கவைக்காமல் நிறுத்திவிட்டார்கள். ரயில் மட்டும் பாலத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் மோதியது. அதைத் தூக்கி நிறுத்தி, மறுநாள் எல்லாம் சரியாக முடிந்தது. அந்த நிதானமும் பொறுமையும் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி நீ இயக்குநர். தீக்குச்சிகளால் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு பாலம் கட்டு. நிஜப் பாலத்தைவிட அது 100 மடங்கு சிறிது. அப்படியானால் அவசரம் எத்தனை மடங்கு? எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் 100 வரும்? பத்து. ஆகவே செக்கனுக்கு 240 படம் வேண்டும். அப்பாவின் கைத்தொலைபேசியில் மெதுவோட்டப் பதிவு இருக்கிறதா, அதில் 240 இருக்கிறதா என்று கேள். பாலத்தின் கீழே தண்ணீருக்குப் பதிலாக மெல்லிய மணலைப் பரப்பு. ஏன் மணல் என்பது இப்போது உனக்கே தெரியுமே!