பாலிசி கையில், அபராதம் செல்போனில்

பட்டாபிராம் சி.டி.எச். சாலையில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் போலீஸார், இப்போதெல்லாம் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே வண்டி எண்ணைக் கையிலுள்ள கருவியில் தட்டிவிடுகிறார்கள். ‘இன்ஷூரன்ஸ் இல்லை’ என்று திரை சொன்னால் இ-சலான் தயார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-வது பிரிவில் முதல் முறைக்கு 2,000 ரூபாய், மறுமுறைக்கு 4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. ஒழுங்காகப் பிரீமியம் கட்டியவருக்கும் இந்த சலான் வருவதுதான் வேதனை.

திரையில் தெரிவது பாலிசி அல்ல, பாலிசியைப் பற்றி யாரோ ஏற்றிய பதிவு. காப்பீட்டு நிறுவனம் விவரத்தை ஐதராபாத்திலுள்ள இந்தியக் காப்பீட்டுத் தகவல் மையத்துக்கு அனுப்ப, அது மத்திய அரசின் ‘வாகன்’ தரவுத்தளத்தைச் சென்றடைய வேண்டும். புது வண்டி ஷோரூமை விட்டு வரும்போது பாலிசியில் பதிவு எண் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘நியூ’ என்றுதான் அச்சாகியிருக்கும். பிறகு பூந்தமல்லி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் டி.என்.12 எண் கிடைத்ததும் அதை நிறுவனத்திடம் சொல்லிச் சேர்க்க எத்தனை பேருக்குத் தோன்றும்? சேர்க்காவிட்டாலும், சேசிஸ் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும், திரை ‘இல்லை’ என்றே சொல்லும்.

இன்னொரு குழப்பம் தேதியில். கோவை எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவால், 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டு, காருக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதே பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பகுதி ஓராண்டிலேயே முடிந்துவிடலாம். சட்டம் கேட்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. சொந்தச் சேதப் பகுதி முடிந்த தேதி மட்டும் பதிவில் ஏறியிருந்தால் வம்பு.

‘போனால் போகட்டும்’ என்று 2,000-ஐக் கட்டித் தொலைப்பது, என்னைக் கேட்டால், வீண். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். பதிவோ திருந்தாது, அடுத்த முறை மாட்டும்போது 4,000 கேட்கலாம். காப்பீடு இல்லாமல் ஓட்டுவதுதான் குற்றம், தரவுத்தளத்தில் பெயர் விடுபட்டுப்போவது குற்றமல்ல.

சாலையிலேயே பாலிசியை டிஜிலாக்கரில் காட்டலாம். மத்திய மோட்டார் வாகன விதி 139 மின்னணு ஆவணத்தை ஏற்கிறது. கையில் இல்லையென்றால் சமர்ப்பிக்க 15 நாள் தருகிறது. சலான் விழுந்துவிட்டதா? பரிவாகன் இ-சலான் தளத்தின் புகார் பகுதியில் பாலிசி நகலோடு முறையிடுங்கள். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் பணம் கட்டாமல், வழக்கை எதிர்கொள்வதாகத் தேர்வு செய்ய வேண்டும். அது வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். சலான் விழுந்த தேதியில் காப்பீடு நடப்பில் இருந்ததாக நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தையும் பாருங்கள்: காலை 10 மணிக்கு மாட்டிக்கொண்டு 11 மணிக்கு எடுத்த பாலிசி செல்லாது. ரோட்டோர ஏஜென்ட் மலிவாகத் தந்த போலி பாலிசி என்றால், திரை சொன்னதே சரி.

ஒடிசாவில் 2025 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடி கேமராவே எண்ணைப் படித்து சலான் அனுப்புகிறது. அங்கே நின்று காகிதத்தைக் காட்ட ஆளில்லை. ஆகவே பதிவைத் திருத்துவதுதான் முக்கிய வேலை. ஆர்.சி.யில் தவறென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகம், பாலிசியில் தவறென்றால் நிறுவனத்திடம் எழுத்துமூலம் ‘எண்டார்ஸ்மென்ட்’ எனும் திருத்தம் கேட்க வேண்டும். இழுத்தடித்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’வுக்கு 155255 எண்ணில் புகார் செய்யலாம். நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் தேனாம்பேட்டையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.