உஷார்! அடைமழையில் புதுச்சேரி பழைய மாளிகையில் ரூமா?

விழுப்புரமோ திண்டிவனமோ, புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர்தான். மஞ்சள் சுவர், உயரமான கதவு, நடுவில் முற்றம் என்று ஓட்டலாக மாறிய பழைய மாளிகையில் ஒரு ராத்திரி தங்கும் ஆசை நம் ஊர்க்காரர்களுக்கும் தொற்றிவிட்டது. தாராளமாகப் போங்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் போவதென்றால் கூரையை அண்ணாந்து பார்க்காமல் பெட்டியை இறக்காதீர்கள்!

கடற்கரைச் சாலையில் 'மேரி' என்ற பழைய நகராட்சிக் கட்டடம் நினைவிருக்கிறதா? கம்பீரமாக நின்றது, 2014 நவம்பர் 29 அன்று மழையில் ஊறிச் சரிந்து விழுந்தது. இப்போது அங்கே இருப்பது திரும்பக் கட்டி 2021-ல் திறந்த கட்டடம்.

ஓட்டலாக மாறிய பழைய வீடுகளுக்கும் எமன் ஈரம்தான். பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்கு உத்தரம், அதன்மேல் சரம், அதற்கும் மேல் செங்குத்தாக அடுக்கிய சின்னச் செங்கல், சுண்ணாம்புக் கலவை. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே இழுத்து வெயிலில் வெளியே விட்டுவிடும். ஒழுகுகிறதே என்று அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப்போகும். மேலே நீங்கள் பார்ப்பது பாலிஷ் போட்ட மரம்!

ஆகவே, ரூமுக்குள் போனதும் உத்தரம் சுவரில் நுழையும் இடத்தைப் பாருங்கள். கறுத்த ஈரத் திட்டு, உப்புப் பூத்த காரை, தரையில் ரவை மாதிரி மரத்தூள் — இதில் ஒன்று தெரிந்தாலும் வேறு ரூம் கேளுங்கள். அந்த ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும். ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் கை வைக்காதீர்கள். கரன்ட் கசிந்தால் தானே அணையும் டிரிப்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்கு என்ன கூச்சம்?

எல்லா வீடும் இப்படியில்லை. வைசியாள் வீதியில் பழைய முறையிலேயே பக்குவமாகப் பழுதுபார்த்த வீடுகள் உண்டு. படத்தைப் பார்த்து மட்டும் எது எது என்று பிரிக்க முடியாது. படமே திருட்டாகவும் இருக்கலாம். ஓட்டலின் போன் எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசாமல் ஜிபேயில் அட்வான்ஸ் போடாதீர்கள். ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

அட்வான்ஸ் போட்டபின் புயல் வந்தால்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்களே நின்றன. ரெட் அலர்ட் வந்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று இழுத்தால், தைப் பொங்கலுக்கு அப்புறம் வருகிறேன் என்று போனை வைத்துவிடுங்கள்.