உள்ளூர்ப் பள்ளிக்கு மாறும் பிள்ளை: கட்டணக் கணக்கு முடிந்தது, தமிழ்க் கணக்கு?

ஜனவரியில் பள்ளி திறந்ததும் சுவா சூ காங், தெக் வாய், இயூ டீ பக்கம் வேலை பார்க்கும் தமிழாசிரியர் என்றால் உங்கள் வகுப்பில் ஒரு புது முகம் உட்கார்ந்திருக்கலாம். தொடக்கநிலை நான்கு அல்லது ஐந்து. போன நவம்பர் வரை இந்தியப் பாடத்திட்ட அனைத்துலகப் பள்ளியில் படித்த பிள்ளை. ஆங்கிலம் சரளம், கணக்கில் கெட்டி. தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் தலையைக் குனிந்துகொள்ளும். "அங்க நான் இந்தி எடுத்தேன் டீச்சர்" என்று மெல்லச் சொல்லும். அந்தப் பிள்ளைக்காகவும், அவர் பெற்றோருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதிலுக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

ஏன் மாறி வருகிறார்கள்? முதல் காரணம் பணம். அனைத்துலகப் பள்ளியில் ஆண்டுக் கட்டணம் ஐந்திலக்கத் தொகை. அதன்மேல் பொருள் சேவை வரி வேறு. 2022 வரை 7 விழுக்காடாக இருந்த வரி 2023இல் 8, 2024இல் 9 என்று ஏறியது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் வாடகையும் சேர்ந்தால் மூச்சு முட்டும். உள்ளூர்த் தொடக்கப்பள்ளியில் குடிமக்களின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமே கிடையாது. மாதம் அதிகபட்சம் 13 வெள்ளி இதரக் கட்டணம், அவ்வளவுதான். நிரந்தரவாசிக்குக் கூடுதல், அனைத்துலக மாணவருக்கு அதைவிடக் கூடுதல். அதிலும் இந்தியா போல ஆசியான் சாராத நாட்டுப் பிள்ளை என்றால் இன்னும் மேலே. இந்தக் கட்டணங்களையும் அமைச்சு படிப்படியாக உயர்த்தித்தான் வருகிறது. அப்படியும் தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் பெரிதுதான்.

ஊரிலும் இது நடந்தது. கிராமப்புற இந்தியாவில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 2018இல் 32.5 விழுக்காட்டினர் தனியார் பள்ளியில் இருந்தார்கள். கொவிட் காலத்தில், 2021இல், அது 24.4 ஆகச் சரிந்தது என்கிறது ஏசர் ஆய்வு. ஆனால் அரசுப் பள்ளிப் பங்கு 2022இல் 72.9 வரை ஏறி, 2024இல் 66.8க்கு இறங்கிவிட்டது. கையில் காசு வந்ததும் பலர் திரும்பிப் போய்விட்டார்கள் போலும். அங்கே பள்ளி மாறினாலும் பிள்ளையைச் சுற்றியுள்ள மொழி பெரிதாக மாறவில்லை. இங்கே மாறுகிற பிள்ளைக்கு ஒரு பாடமே புதிதாக முளைக்கிறது.

சிக்கல் நுழைவாசலிலேயே தொடங்குகிறது. அனைத்துலக மாணவர் உள்ளூர்ப் பள்ளியில் நடுவில் சேர எழுத வேண்டிய ஏஇஐஎஸ் தேர்வு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும். தொடக்கநிலை 2 முதல் 5 வரையும், உயர்நிலை 1 முதல் 3 வரையும் சேரலாம். தேர்வில் கேட்பது ஆங்கிலமும் கணக்கும் மட்டும். அதனால் துணைப்பாட நிலையத்திலும் அந்த இரண்டு மட்டும். "இங்கிலீஷும் மேத்ஸும் பாத்துக்கிட்டா போதும்னுதான் எல்லாரும் சொன்னாங்க" என்று பெற்றோர் சொல்வதில் தப்பே இல்லை. வாசலில் யாரும் தமிழைக் கேட்பதில்லை. உள்ளே வந்த பிறகோ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் நான்கில் ஒரு பங்கு தாய்மொழிப் பாடம்.

உடனே வரும் அடுத்த கேள்வி: "விலக்கு வாங்கிடலாமா?" நடுவில் சேரும் பிள்ளைக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். தானாகக் கிடைத்துவிடாது, ஆனாலும் வழி உண்டு. பலர் இதைச் சலுகை என்று நினைக்கிறார்கள். இங்கேதான் நீங்கள் பெற்றோரை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

2021 முதல் ஒவ்வொரு பாடத்துக்கும் அடைவுநிலை 1 முதல் 8 வரை. நான்கையும் கூட்டினால் மொத்தப் புள்ளி, குறைந்தால் நல்லது. தாய்மொழி விலக்குப் பெற்ற பிள்ளையின் அந்தக் கட்டம் காலியாக இருக்காது. மற்ற மூன்று பாடங்களில் அதே அளவு செய்த மாணவர்களை ஒப்பிட்டு ஒரு நிலை தருவார்கள். அது 6, 7, 8 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் 6க்கு மேல் இல்லை. சாதாரணத் தமிழ்த் தாளில் அடைவுநிலை 6 என்பது 45 முதல் 64 மதிப்பெண். அதாவது விலக்கு தரும் உச்சப் பரிசு, தமிழ் எழுதி 45 வாங்கியவனுக்கும் கிடைக்கிறது! 65 வாங்கிவிட்டால் நிலை 5, விலக்கு வாங்கிய பிள்ளையைவிட ஒரு புள்ளி முன்னால். அடிப்படைத் தமிழ் எடுத்தால் அதன் உயர்ந்த தரமும் 6க்குச் சமம்தான்.

சரி, 45 எட்டாத உயரமா? ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். வீட்டில் தமிழ் பேசுகிறது, எழுத்து மட்டும் தடுமாற்றம். தமிழ்த் தேர்வின் மொத்தம் 200. கட்டுரைத் தாள் 40, மொழிப்பயன்பாடும் கருத்தறிதலும் 90, கேட்டல் 20, வாய்மொழி 50. வாய்மொழியில் வாய்விட்டு வாசித்தல் 20, காணொளியை ஒட்டிய உரையாடல் 30. இந்தப் பிள்ளை உரையாடலில் 24, கேட்டலில் 14, வாசிப்பில் திக்கித் திணறி 10 எடுக்கிறது என்று வையுங்கள். கையில் 48 வந்தாச்சு. 45 விழுக்காட்டுக்குத் தேவை 90. மீதி 42ஐ 130 மதிப்பெண் எழுத்துத் தாள்களில் எடுத்தால் போதும், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிலை 5 வேண்டுமென்றால் 82 எடுக்க வேண்டும். அது உழைப்புதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அதற்காக எல்லாப் பிள்ளையையும் இழுத்துப் பிடிக்கச் சொல்லவில்லை. வீட்டிலும் தமிழ் இல்லை, எழுத்தும் தெரியாது, வந்து சேர்ந்ததோ தொடக்கநிலை ஐந்தில் என்றால் விலக்குக் கேட்பது நியாயம். வீட்டு மொழி இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது என்றால் அந்த மொழிகளையே தாய்மொழிப் பாடமாக எடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. தமிழ் வீட்டுப் பிள்ளை இந்தியைத் தொடரலாமா என்பதைப் பள்ளியிடம் நேரில் கேட்டுவிடச் சொல்லுங்கள். ஆனால் மூன்றாம், நான்காம் வகுப்பில் வந்த தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு முதல் வாரமே விலக்குப் படிவம் கேட்பது, என் பார்வையில், அவசரம்.

இனி வகுப்பறை. இந்தப் பிள்ளைகளிடம் இரண்டு தடங்கல் பார்ப்பீர்கள். முதலாவது சொல். சென்னையிலிருந்து வந்த பிள்ளைக்கு 'மால்' தெரியும், 'கடைத்தொகுதி' தெரியாது. 'லிப்ட்' தெரியும், 'மின்தூக்கி' தெரியாது. பெருவிரைவு ரயில், உணவங்காடி நிலையம், சமூக மன்றம், இன நல்லிணக்க நாள், முழுமைத் தற்காப்பு நாள் எல்லாம் கருத்தறிதலில் திடீரென்று வந்து நிற்கும். தமிழ் தெரிந்த பிள்ளையே முழிக்கும். பாடநூலை விட்டு வெளியே வாருங்கள். லாட் ஒன் கடைத்தொகுதியிலிருந்து எல்ஆர்டி நிலையம் வரை நடந்தால் அறிவிப்புப் பலகைகளிலேயே பாதிச் சொல்லைப் பழக்கிவிடலாம். 'மாணவர் முரசு' ஒரு பக்கம், ஒலி 96.8 செய்தி ஐந்து நிமிடம், நூலகச் செயலியில் ஒரு மின்னூல், எதுவானாலும் சரி.

இரண்டாவது தடங்கல் நேர் எதிரானது. ஊரில் தமிழ் படித்துவிட்டு வந்த பிள்ளை உரையாடலில் மேடைப்பேச்சு பேசும். நம் பாடத்திட்டத்தில் 2005ஆம் ஆண்டு மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத்தமிழுக்கு இடம் கூடியது அதற்குத் தெரியாது. காணொளியில் ஒரு பையன் உணவங்காடியில் தட்டை வைத்துவிட்டுப் போகிறான் என்று வையுங்கள். "அச்சிறுவன் உணவருந்திய பின்னர் தட்டினை அகற்றாது சென்றான், இச்செயல் கண்டிக்கத்தக்கது" என்று நிறுத்திக்கொள்ளும். இலக்கணம் சரி, உரையாடல் எங்கே?

தேர்வெழுதும் தம்பி தங்கைகளே, இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அந்தப் பையன் சாப்பிட்டு முடிச்சதும் தட்ட அப்படியே வச்சிட்டுப் போயிட்டான். எனக்கு அது சரியாப் படல. அடுத்து உட்கார வர்றவங்க என்ன செய்வாங்க? போன வாரம் எங்க புளோக் பக்கத்துல நானும் பாட்டியும் சாப்பிடப் போனப்போ இதே மாதிரிதான் இருந்துச்சு." வீட்டில் பேசுவதுதான், கொஞ்சம் ஒழுங்காக, ஆங்கிலம் கலக்காமல். காரணமும் சொந்த அனுபவமும் சேர்ந்தால் தேர்வாளர் அடுத்த கேள்வியைக் கேட்க இடம் கிடைக்கும். கட்டுரையில் மட்டும் இதே வாக்கியங்களை எழுத்துத் தமிழுக்கு மாற்றுங்கள். 'வச்சிட்டு' அங்கே 'வைத்துவிட்டு' ஆக வேண்டும். இந்த இரட்டை ஓட்டத்துக்குப் பழகத் தினம் ஐந்து வாக்கியம் பேசி, அதையே எழுதிப் பாருங்கள்.

காலம் எவ்வளவு இருக்கிறது? தொடக்கநிலை ஐந்தில் ஜனவரியில் சேர்ந்த பிள்ளைக்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு, செப்டம்பரில் கேட்டல், அதன் பிறகு எழுத்துத் தாள்கள். வாய்மொழிக்கு இருபது மாதம்கூட இல்லை. அதனால் முதல் ஆறு மாதம் எழுத்து, வாசிப்பு, பேச்சு மட்டும் கொடுங்கள். செய்யுள், மரபுத்தொடர் எல்லாம் பிறகு வரட்டும்.

பெற்றோரிடம் கடைசியாக ஒன்று சொல்லி வையுங்கள். ஏஇஐஎஸ் தேறினால் எந்தப் பள்ளி என்பதைக் காலியிடம் பார்த்து அமைச்சு முடிவு செய்யும். எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு நடப்பதில்லை. அப்படியானால் தமிழுக்கு மட்டும் வேறு பள்ளிக்கோ தமிழ் மொழி நிலையத்துக்கோ போக வேண்டியிருக்கும். கடிதம் கைக்கு வந்த அன்றே பள்ளிக்குப் போன் போட்டு, தமிழ் எங்கே, என்ன கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளிப் பேருந்துக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு.