பெயர் போனது, நிறம் நின்றது

2010ஆம் ஆண்டு ஜூன் 22 முதல் அமெரிக்காவில் சிகரெட் பாக்கெட் மீது 'லைட்', 'மைல்டு', 'லோ' என்று அச்சிடுவதற்குத் தடை வந்தது. தடை வருவதற்கு முன்பே மார்ல்பரோ லைட்ஸ் பாக்கெட்டுகளில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. பாக்கெட்தான் மாறப்போகிறது, சிகரெட் அதேதான், இனிமேல் கடையில் தங்க நிறப் பாக்கெட் என்று கேளுங்கள் என்பது அதன் சாரம். லைட்ஸ் 'கோல்ட்' ஆனது, அல்ட்ரா லைட்ஸ் 'சில்வர்' ஆனது. ஓராண்டு கழித்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் விசாரித்தபோது, புகைப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கள் சிகரெட்டைச் சிரமமில்லாமல் அடையாளம் கண்டுகொண்டதாகச் சொன்னார்கள்.

நிறத்தின் வேலை புகையிலை நிறுவனங்களுக்கு நெடுநாளாகத் தெரியும். சிவப்பு என்றால் காட்டமான புகை, பச்சை என்றால் மென்தாலின் குளிர்ச்சி, வெள்ளை என்றால் சுத்தம், தார் குறைவு. வழக்குகளின் வழியே வெளியே வந்த அவர்களுடைய உள் ஆவணங்களே இப்படிப் பேசுகின்றன. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதை உறுதி செய்கின்றன: நிறம் வெளிறிய பாக்கெட்டைக் காட்டினால், இதில் கெடுதி குறைவு என்று பலரும் நம்பிவிடுகிறார்கள்.

சரி, அந்த 'லைட்' சிகரெட்டுக்குள் என்னதான் இருந்தது? பில்டரைச் சுற்றியுள்ள தாளை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் பொடித் துளைகள் வரிசையாகத் தெரியும். புகையை இழுக்கும்போது அவற்றின் வழியே காற்று நுழைந்து புகையோடு கலக்கிறது. தாரையும் நிகோடினையும் அளக்க ஆய்வுக்கூடத்தில் ஒரு இயந்திரம் புகைத்தது. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, ஒவ்வொன்றும் 2 விநாடி, 35 மில்லிலிட்டர். துளைகளை யாரும் மூடாததால் அளவு குறைவாகவே காட்டியது. மனிதர்கள் அப்படிப் புகைப்பதில்லை. விரலும் உதடும் அந்தத் துளைகளின் மீதே பதிகின்றன. நிகோடின் போதாமல் உடம்பு தவிக்கும்போது இன்னும் ஆழமாக இழுக்கிறார்கள், அடிக்கடி இழுக்கிறார்கள். தாளில் குறைந்த தார் நுரையீரலில் குறையவில்லை. மாறாக, 1950களுக்குப் பிறகு சிகரெட்டின் வடிவமைப்பில் ஏற்பட்ட மாற்றங்களால் அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து கூடியிருக்கிறது என்று 2014ஆம் ஆண்டின் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை முடிவு செய்தது.

இதில் பெரிய கொடுமை வேறொன்று. உடம்பை நினைத்துப் பயந்து, புகைப்பதை விட்டுவிடலாமா என்று யோசித்தவர்களில் பலர், விடுவதற்குப் பதிலாக லைட்டுக்கு மாறினார்கள். அது பாதுகாப்பானது அல்ல என்று தெரிந்தே நிறுவனங்கள் மக்களை ஏமாற்றின என்று 2006இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார்.

இந்த வித்தை பாக்கெட்டோடு நிற்கவில்லை, பில்டர் வரைக்கும் போனது. 1953இல் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் வேதியியலாளர் கிளாட் டீக் ஒரு யோசனையை எழுதி வைத்தார். புகை பட்டதும் நிறம் மாறுகிற பொருளை பில்டரில் சேர்க்கலாம். வடிகட்டும் திறனில் அதனால் பெரிய வித்தியாசம் வராது, ஆனால் விற்பனைக்கு உதவும் என்பதை அவரே குறித்திருந்தார். பஞ்சு பழுப்பாவதைப் பார்க்கிறவர், நஞ்சு அங்கேயே நின்றுவிட்டது என்று நினைப்பார் அல்லவா? அதே காலத்தில் லோரிலார்டு நிறுவனம், உடல்நலப் பாதுகாப்பைச் சொல்லியே 'கென்ட்' சிகரெட்டை விற்றது. அதன் 'மைக்ரோனைட்' பில்டரில் 1952 முதல் 1956 வரை இருந்தது நீலக் கல்நார். புற்றுநோயை உண்டாக்கும் கல்நார் வகைகளில் மிகக் கொடியது அது.

பின்னாளில் 'இயற்கை' என்ற சொல்லுக்கு முறை வந்தது. நேச்சுரல் அமெரிக்கன் ஸ்பிரிட் பாக்கெட்டில் தலையில் இறகு சூடிய செவ்விந்தியர் நீண்ட குழாயில் புகைக்கிறார். சேர்மானம் எதுவும் இல்லை என்ற வாசகமும் இருந்தது. இலையில் எதையும் சேர்க்காவிட்டாலும், அதை எரித்தால் வருவது தாரும் கார்பன் மோனாக்சைடும்தான். 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2017இல் 'சேர்மானம் இல்லை' என்ற வாசகத்தை நீக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிராண்டின் பெயரில் உள்ள 'நேச்சுரல்' மட்டும் நீடிக்க அனுமதி கிடைத்தது. அந்த ஒரு சொல்லே போதும் என்பது விற்கிறவர்களுக்குத் தெரியாதா என்ன?

நோயின் வேரைத் தொட்டது ஆஸ்திரேலியா. 2012 டிசம்பர் 1 முதல் அங்கே எல்லா பாக்கெட்டுக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்து. சின்னமும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. புகைப்பவர்களுக்குப் பிடிக்காத நிறம் எது என்று ஆய்வு நடத்தித் தேர்ந்தெடுத்தது ஒரு கலங்கிய கரும்பழுப்பு, பான்டோன் 448சி. முதலில் அதை ஆலிவ் பச்சை என்று சொன்னதும், தங்கள் விளைச்சலின் பெயர் கெடுகிறது என்று ஆலிவ் விவசாயிகள் ஆட்சேபித்தார்கள். சிகரெட் நிறுவனங்கள் வேறு வழி கண்டன: நிறத்தை அச்சிட முடியாவிட்டால் என்ன, நிறத்தின் பெயரை எழுதலாமே என்று நீலம், தங்கம் என்ற சொற்களைச் சிகரெட்டின் பெயரோடு கூட்டின. 2023இல் அந்நாடு நிறைவேற்றிய புதிய சட்டம், கெடுதி குறைவு என்று எண்ண வைக்கும் அப்படிப்பட்ட பெயர்களுக்கும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது.