பாயிண்ட் கிரே: மந்திரிகளை வீட்டுக்கு அனுப்பும் தொகுதி
தொகுதிகளின் சரித்திரம் – 9

கனடா தேசத்தின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பெருநகரமாகிய வான்கூவர், தன் மேல்புறத்தில் கடலை நோக்கி ஒரு நிலமுனையை நீட்டி வைத்திருக்கிறது. வடக்கே ஆங்கிலேய விரிகுடா என்னும் நீர்ப்பரப்பும் அதற்கப்பால் பனி மூடிய மலைகளும், தெற்கே பிரேசர் நதியின் வடகிளையும் சூழ நிற்கும் அம்முனைக்கு, 1792-ஆம் ஆண்டில் அந்தக் கரையோரத்தை அளந்துகொண்டு வந்த கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர், தம் நண்பரான ஜார்ஜ் கிரே என்பவரின் பெயரைச் சூட்டிச் சென்றார். அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்து, நதியிலும் கடலிலும் மீன் பிடித்து வாழ்ந்துவந்த மஸ்குவியம் மக்களிடம் யாதொரு உடன்படிக்கையும் செய்துகொள்ளாமலே அந்த நிலம் பிறர் வசமாயிற்று என்பதை நாம் மறந்துவிடாமல், இந்த வாரத்துக் கதையைத் தொடங்குவோம்.

1908-இல் பாயிண்ட் கிரே தனியொரு முனிசிபாலிட்டியாக அமைந்தது. விசாலமான மனைகளும், மரங்கள் வரிசையாக நிற்கும் வீதிகளும், தொழிற்சாலைப் புகை படாத காற்றும் வேண்டுமென்று விரும்பிய வசதியுள்ள குடும்பங்கள் அங்கே குடியேறின. எந்த இடத்தில் எவ்வகைக் கட்டடம் எழலாம் என்பதைச் சட்டத்தினால் வரையறுத்து, வீட்டு வீதிகளில் கடையும் பட்டறையும் புகாதபடி 1922-இல் அந்த முனிசிபாலிட்டி இயற்றிய விதிதான் கனடாவிலேயே அவ்வகையில் முதலாவது என்று நகரமைப்பு வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். அதே 1922-ஆம் ஆண்டில், பாதியில் நின்றுபோயிருந்த ஸர்வகலாசாலைக் கட்டடங்களைப் பூர்த்தி செய்யும்படி மாணவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நகரத்திலிருந்து அந்த முனை வரையில் ஊர்வலமாகச் சென்று அரசாங்கத்தை அசைத்தார்கள். 1925-இல் பிரிட்டிஷ் கொலம்பியா ஸர்வகலாசாலை அங்கே குடிபுகுந்தது. 1929 ஜனவரி முதல் தேதியன்று முனிசிபாலிட்டி வான்கூவர் நகரத்தோடு ஐக்கியமாயிற்று. ஆக, சொத்தும் கல்வியும் ஒருங்கே குடியிருக்கும் இடம் அது. இவ்விரண்டும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லையாகையால், அத்தொகுதியின் அரசியல் ஒருநாளும் ஒரே கட்சிக்கு அடங்கியதாக இருந்ததில்லை.

வான்கூவர்–பாயிண்ட் கிரே என்னும் மாகாணச் சட்டசபைத் தொகுதி முதன்முதலாகத் தேர்தலைக் கண்டது 1933-இல். மூன்று பிரதிநிதிகளை ஒருசேர அனுப்பும் உரிமை அதற்கு இருந்தது. பொருளாதார மந்தத்தின் கொடுமையால் வேலையற்றோர் கூட்டம் வான்கூவர் வீதிகளில் பெருகியிருந்த அச்சமயத்தில், ஆண்டுகொண்டிருந்த கன்சர்வேடிவ் கட்சி சிதறிப்போக, டஃப் பட்டுல்லோவின் தலைமையில் லிபரல் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. அந்த வெற்றியில் பாயிண்ட் கிரே அனுப்பிவைத்தவர்களுள் முக்கியமானவர் ஜார்ஜ் மோர் வீயர். ஸர்வகலாசாலையில் கல்வித்துறைப் பேராசிரியராக இருந்த அவர், மாகாணப் பள்ளிகளின் நிலையை ஆராய்ந்து 1925-இல் வெளிவந்த புகழ்பெற்ற அறிக்கையின் ஆசிரியர் இருவரில் ஒருவர். பட்டுல்லோவின் மந்திரிசபையில் கல்வி இலாகாவோடு மாகாணக் காரியதரிசி பதவியையும் ஏற்றார்.

தொழிலாளிகளுக்குக் கட்டாய ஆரோக்கிய இன்ஷ்யூரன்ஸ் வேண்டுமென்று வீயர் கொண்டுவந்த மசோதா 1936-இல் சட்டமாயிற்று. வைத்தியர்கள் எதிர்த்தார்கள், முதலாளிகள் எதிர்த்தார்கள், அமலுக்கு வரவேண்டிய தருணத்தில் அரசாங்கமே பின்வாங்கி அதை நிறுத்திவைத்தது. 1937 பொதுத்தேர்தலோடு சேர்த்து ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கப்பட்டபோது பெரும்பான்மையோர் திட்டம் வேண்டுமென்றே வாக்களித்தனர். ஆயினும் அந்தச் சட்டம் ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. ஜனங்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதைச் செய்யாமல் விடுவது கேளாமலே இருப்பதைவிடப் பெரிய அவமதிப்பு என்று நான் கருதுகிறேன். 1941-இல் தம் ஸ்தானத்தை இழந்த வீயர், 1945-இல் மீண்டும் அதே தொகுதியிலிருந்து சட்டசபைக்குத் திரும்பினார். அதற்குள் அரசியல் உருமாறியிருந்தது. 1941 தேர்தலில் சோஷலிஸ்டுகளின் கட்சியாகிய கூட்டுறவு காமன்வெல்த் சம்மேளனம் மற்றக் கட்சிகளைவிட அதிக வாக்குகளைப் பெற்றுவிட்டதைக் கண்டு திகைத்த லிபரல்களும் கன்சர்வேடிவ்களும், பரம்பரைப் பகையை ஒதுக்கிவைத்துக் கூட்டு மந்திரிசபை அமைத்துக்கொண்டனர். கன்சர்வேடிவ் தலைவரான மெயிட்லண்டும் பாயிண்ட் கிரேயின் பிரதிநிதியே. முன்பு எதிரெதிராக நின்றவர்கள் 1945-இல் ஒரே கொடியின் கீழ் நின்று வாக்குக் கேட்டார்கள்.

இத்தனை தேர்தல்களிலும் வாக்களித்தவர்கள் யாரென்று கேட்டால், எல்லாரும் அல்லர் என்பதே விடை. சீனரும் ஜப்பானியரும் நம் இந்தியரும் அந்த மாகாணத்தின் மரவாடிகளிலும் பண்ணைகளிலும் உழைத்து வரி செலுத்தினார்களே ஒழிய, வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறவில்லை. இந்தியர்களிடமிருந்து 1907-இல் பறிக்கப்பட்ட வாக்குரிமை, நம் நாடு சுதந்திரம் அடைந்த அதே 1947-ஆம் ஆண்டில்தான், சீனர்களுக்கும் கிடைத்தபோது, திரும்பக் கிடைத்தது. ஜப்பானியரும், அந்த மண்ணின் ஆதிக்குடிகளாகிய மஸ்குவியம் போன்ற இனத்தாரும் 1949 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. தாங்கள் பிறந்து வளர்ந்த முனைக்குப் பிரதிநிதி யார் என்று சொல்லும் அதிகாரம், அங்கே வந்து குடியேறியவர்களுக்குப் பிறகே அந்த ஆதிக்குடிகளுக்கு வந்தது. படித்தவர்கள் நிறைந்த தொகுதி என்று பெருமையாகப் பேசப்பட்ட இடத்திலும் இந்த அநீதி இவ்வளவு காலம் நிலைத்திருந்தது என்பதை எழுதும்போது மனம் வருந்துகிறது.

1952-ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கூட்டு மந்திரிசபை உடைந்துபோன நிலையில், சோஷலிஸ்டுகள் நுழைந்துவிடாதபடி தடுக்கும் நோக்கத்துடன், இரு பழைய கட்சிகளும் ஒரு புதிய வாக்குமுறையைச் சட்டமாக்கியிருந்தன. வாக்காளர் ஒருவருக்கு மட்டும் வாக்களிக்காமல், அபேட்சகர்களை 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசைப்படி இலக்கமிட வேண்டும். முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதிக்குமேல் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவார்கள். லிபரல் வாக்காளர் கன்சர்வேடிவுக்கும், கன்சர்வேடிவ் வாக்காளர் லிபரலுக்கும் இரண்டாம் இடம் தருவார்கள் என்பது தலைவர்களின் கணக்கு. ஆனால் ஜனங்களோ, இருவர்மீதும் சலிப்புற்று, அதுவரையில் யாரும் பொருட்படுத்தாத சோஷியல் கிரெடிட் கட்சிக்கு அந்த இரண்டாம் விருப்பத்தைத் தாராளமாக வழங்கிவிட்டனர். அக்கட்சி 19 ஸ்தானங்களையும் சோஷலிஸ்டுகள் 18-ஐயும் பெற, முறையை இயற்றிய லிபரல், கன்சர்வேடிவ் கட்சிகள் முறையே ஆறும் நான்குமாகச் சுருங்கின.

அந்த ஆண்டு பாயிண்ட் கிரேயில் சோஷியல் கிரெடிட் சார்பில் வென்றவர் டில்லி ரால்ஸ்டன் அம்மையார். 1941 முதல் கன்சர்வேடிவ் உறுப்பினராக இருந்து, 1951-இல் டபிள்யூ. ஏ. சி. பென்னட் கட்சியை விட்டு விலகியபோது தாமும் விலகிய தைரியசாலி அவர். பென்னட் சோஷியல் கிரெடிட்டின் தலைவராகி மாகாண முதல் மந்திரியானதும் அவரைக் கல்வி மந்திரியாக்கினார். கனடாவில் ஓர் இலாகாவைப் பெற்று ஆண்ட முதல் பெண்மந்திரி அவரே. பள்ளிகளுக்குப் பணம் பகிரும் விதத்தை மாற்ற அவர் பெயராலேயே வழங்கிய திட்டம் 1953-இல் சட்டசபையில் தோற்றதால்தான் அந்தச் சிறுபான்மை அரசாங்கம் கவிழ்ந்து மறுதேர்தல் வந்தது. அத்தேர்தலில் பென்னட் தனிப்பெரும்பான்மை பெற்றார். யாருடைய மசோதாவுக்காகத் தேர்தல் நடந்ததோ அந்த ரால்ஸ்டனோ, லிபரல் தலைவர் ஆர்தர் லேங் களமிறங்கிய பாயிண்ட் கிரேயில் தோற்றார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே அவர் காலமானார். ஓர் அரசாங்கத்துக்குப் பலம் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் தாம் வெறுங்கையோடு ஒதுங்க நேர்ந்த அந்த அம்மையாரின் கதை, அத்தொகுதியின் ஏடுகளிலேயே என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி.

ரால்ஸ்டனை வீழ்த்திய லேங்கையும் தொகுதி நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. 1956-இல் அவரும் தோற்று, பின்னர் மத்திய அரசியலுக்குச் சென்று மந்திரியானார். இன்று வான்கூவர் விமான நிலையத்துக்குச் செல்லும் பாலம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1953 முதல் பாயிண்ட் கிரேயின் பிரதிநிதியாக இருந்த அட்டர்னி ஜெனரல் ராபர்ட் பானர், பென்னட்டின் வலக்கரம் என்று கருதப்பட்டவர்; தொகுதி இரண்டு ஸ்தானங்களாகக் குறைக்கப்பட்ட 1966-இல் அவரையும் வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்சி அவருக்காகக் காரிபூ என்னும் உள்நாட்டுத் தொகுதியில் இடைத்தேர்தல் ஒன்றை ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. அதிகாரத்தின் உச்சியில் இருப்பவர் நம் பிரதிநிதியாக இருப்பது நமக்கு நன்மை என்னும் சாதாரண எண்ணம் அந்த ஊரில் செல்லுபடியாகவில்லை. மூன்று ஸ்தானங்களும் பின்னர் இரண்டு ஸ்தானங்களும் இருந்த தொகுதியில், கட்சி முழுவதையும் நிராகரிக்காமலே ஒருவரை மட்டும் தேர்ந்து ஒதுக்கும் வசதி வாக்காளருக்கு வாய்த்திருந்தது. அபேட்சகரை ஆள் ஆளாக எடைபோடும் பழக்கம் அதிலிருந்தே வேரூன்றியிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

1966-இல் இரு ஸ்தானங்களையும் லிபரல்கள் பிடித்தனர். ஒருவர் வழக்கறிஞர் கார்ட் கார்டம். மற்றவர் 1962 இடைத்தேர்தலிலேயே சபைக்கு வந்துவிட்ட பாட்ரிக் மக்கியர். மூளையின் ரசாயனத்தை ஆராயும் விஞ்ஞானியாக ஸர்வகலாசாலையில் பணிபுரிந்தவரும், 1948 ஒலிம்பிக்கில் கனடாவுக்காகக் கூடைப்பந்து ஆடியவருமான மக்கியர், சில ஆண்டுகள் லிபரல் கட்சியின் மாகாணத் தலைவராகவும் இருந்தார். 1972-இல் பழைய சோஷலிஸ்டுகளின் வழிவந்த புதிய ஜனநாயகக் கட்சியின் அலை மாகாணமெங்கும் வீசியபோதும் அவ்விருவரும் அசையவில்லை. ஆனால் 1975-இல் இருவரும் சோஷியல் கிரெடிட்டில் சேர்ந்து மந்திரிகளானார்கள். மக்கியருக்குக் கல்வி இலாகா, கார்டமுக்கு அட்டர்னி ஜெனரல் பதவி. கட்சி மாறியவர்களை அந்தத் தொகுதி தண்டிக்கவில்லை; 1986 வரையில் அவர்களையே தேர்ந்தெடுத்தது. இதை நான் அவ்வளவாக மெச்சவில்லை என்றாலும், அவர்கள் நம்பிய நபர்கள் அவர்களே, கட்சி அன்று என்னும் உண்மை இதனாலும் புலனாகிறது.

இதற்கிடையே தொகுதியின் கீழ்ப்பகுதியான கிட்ஸிலானோவில், பழைய மரவீடுகளை அறை அறையாக வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நீண்ட கேசமும் யுத்த எதிர்ப்புமாக ஓர் இளந்தலைமுறை வந்து தங்கியிருந்தது. அதன் வாக்கும் சேர, 1986-இல் ஒரு விசித்திரமான விளைவு ஏற்பட்டது. ஒரே தொகுதி, ஒரே நாளில், சோஷியல் கிரெடிட் சார்பில் கிம் காம்பெலையும், புதிய ஜனநாயகக் கட்சி சார்பில் முன்னாள் நகரசபை உறுப்பினர் டார்லீன் மர்ஸாரியையும் ஒருங்கே தேர்ந்தெடுத்தது. கருச்சிதைவுப் பிரச்சினையில் தம் கட்சியின் முதல் மந்திரியையே பகிரங்கமாக எதிர்த்த காம்பெல், 1988-இல் மத்திய பார்லிமெண்டுக்குச் சென்று, 1993-இல் கனடாவின் முதல் பெண் பிரதம மந்திரியானார். 1991 முதல் பல ஸ்தானத் தொகுதிகள் ஒழிக்கப்பட்டு, பாயிண்ட் கிரே ஒற்றை ஸ்தானமாயிற்று. அதை மர்ஸாரி வென்றார்.

1996-இல் தொகுதி லிபரல் தலைவர் கார்டன் காம்பெலின் வசமாயிற்று. நகரத்தின் ஏழைகள் வசிக்கும் பகுதியில் வீட்டுரிமைக்காகப் போராடிவந்த ஜிம் கிரீன் அவரை எதிர்த்து நின்று தோற்றார். அத்தேர்தலில் லிபரல்கள் அதிக வாக்குகளைப் பெற்றும் ஆட்சியைப் பெறவில்லை. 2001-இல் 79 ஸ்தானங்களில் 77-ஐ வென்று முதல் மந்திரியான காம்பெல், அந்தப் பழைய அனுபவத்தை மறவாமல், குலுக்கல் முறையில் தேர்ந்த சாதாரணப் பிரஜைகளைக் கொண்டு வாக்குமுறையை ஆராயச் செய்தார். அவர்கள் பரிந்துரைத்த முறைக்கு 2005-இல் ஏறத்தாழ 58 சதவிகிதத்தினர் சம்மதித்தும், 60 வேண்டும் என்ற நிபந்தனையால் அது வீணாயிற்று. தமக்குச் சாதகமாகவே அமைந்துவிட்ட முறையைப் பரிசீலனைக்கு விட்டதற்காக அவரைப் பாராட்டவேண்டும். ஆனால் தடைக்கல்லை அவ்வளவு உயரத்தில் வைத்தவரும் அவருடைய அரசாங்கத்தாரே.

புதிய விற்பனை வரியினால் எழுந்த கோபத்தில் காம்பெல் ராஜிநாமா செய்ய, அவருக்குப் பின் முதல் மந்திரியான கிறிஸ்டி கிளார்க் 2011 மே மாதத்தில் பாயிண்ட் கிரே இடைத்தேர்தலில் நின்றார். புதிய ஜனநாயகக் கட்சி சார்பில் நின்ற, பிரஜா உரிமைகளுக்காக வாதாடிவந்த இளம் வழக்கறிஞர் டேவிட் ஈபியை அறுநூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில்தான் அவரால் வெல்ல முடிந்தது. 2013 பொதுத்தேர்தலில், கருத்துக்கணிப்புகள் யாவற்றையும் பொய்யாக்கிக் கிளார்க்கின் கட்சி மாகாணத்தை வென்றது. அதே இரவில் கிளார்க், சுமார் ஆயிரம் வாக்குகளில் ஈபியிடம் தோற்றார். அறுபது ஆண்டுகளுக்குமுன் ரால்ஸ்டனுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது. உள்நாட்டில் கெலோனா நகரத்து உறுப்பினர் ஒருவர் தம் ஸ்தானத்தை விட்டுக்கொடுக்க, அங்கே நின்று அவர் சபைக்குத் திரும்பினார்.

ஈபி, தம் கட்சி ஆட்சிக்கு வந்த 2017-இல் அட்டர்னி ஜெனரலாகி, 2022 நவம்பரில் முதல் மந்திரியானார். வீட்டு வாடகை ஏறி இளைஞர் நகரத்தை விட்டு ஓடும் நிலையில், 2023-இல் அவருடைய அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியது. ஒற்றைக் குடும்ப வீட்டுக்கே ஒதுக்கப்பட்ட மனைகளில் மூன்று, நான்கு, பஸ் வசதியுள்ள இடங்களில் ஆறு வீடுகள் வரையிலும் கட்ட நகரங்கள் அனுமதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். வீதிகளின் அமைதியைச் சட்டத்தால் காத்துக்கொள்ள நூறு ஆண்டுகளுக்குமுன் நாட்டுக்கு வழிகாட்டிய ஊரின் பிரதிநிதியே, அவ்வகை வேலிகளைத் தளர்த்தும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதைச் சரியென்றே நான் கொள்கிறேன். வாத்தியாருக்கும் தாதிக்கும் குடியிருக்க இடமில்லாத ஊர், எத்தனை மரநிழல் இருந்தாலும், ஊராக நெடுங்காலம் நிலைக்காது. 2024 அக்டோபர் தேர்தலில் 93 ஸ்தானங்களில் 47-ஐ மட்டும் பெற்று அவர் கட்சி மயிரிழையில் தப்பியது. பாயிண்ட் கிரே இம்முறை தன் முதல் மந்திரியை வைத்துக்கொண்டது.

அடுத்த வாரம், அதே நகரத்தின் கீழ்ப்புறத்தில், துறைமுகத் தொழிலாளரும் குடியேறிகளும் நிறைந்த தொகுதிகளுக்குச் செல்வோம்.