புயல்கூண்டு ஏறுமுன்னே



ஐப்பசி பிறந்தால் நம் மருத்துவமனையில் இரண்டு பட்டியல்கள் எழுதப்படும். தை மாதத்துக்குள் பிரசவிக்கவேண்டிய தாய்மாரின் பட்டியல் ஒன்று. ஒரு வாரம் மருந்து நின்றாலும் உயிருக்கு ஆபத்தாகக் கூடியவர்களின் பட்டியல் மற்றொன்று; இன்சுலின் போடுகிறவர்கள், வலிப்பு நோயாளிகள், டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் இதில் அடங்குவர். பாம்பன் தீவிலிருந்து வருகிறவர்களின் பெயர்களுக்கெதிரே சிவப்பு மையினால் ஒரு குறி போடுவோம். அந்தத் தீவுக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக் கவனம் என்று தாங்குவோரில் சிலர் கேட்கிறதுண்டு. நியாயமான கேள்விதான். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இதற்குச் செலவாகிறபடியால் விளக்கமாகவே எழுதுகிறோம்.

பாம்பன் தீவு பவளப்பாறையும் மணலும் சேர்ந்து உண்டானது. அதன் கிழக்கு வாலாகிய தனுஷ்கோடிப் பகுதி வெறும் மணல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பெண் கடல், ஆண் கடல் என்று இவற்றை அங்குள்ள மீனவர்கள் சொல்லுவார்கள். ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்த்துவிடலாம், அத்தனை ஒடுக்கம். இப்படிப்பட்ட மணல்திட்டு அலையும் காற்றும் கொண்டுவந்து சேர்த்தது. கொண்டுவந்ததை எடுத்துப்போகவும் அவற்றுக்குத் தெரியும்.

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு நடந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இலங்கையின் திரிகோணமலை, மன்னார்ப் பகுதிகளைத் தாக்கிய புயல் அன்றிரவே தனுஷ்கோடிமேல் வந்தது. ரயில் நிலையம், துறைமுகம், சுங்க அலுவலகம், தபாலாபீஸ், ஆலயம், சிறியதொரு ரயில்வே ஆஸ்பத்திரி இவையெல்லாம் இருந்த ஊர் அது. நள்ளிரவுக்குச் சற்றுமுன் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைக் கடல் மூடிக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் தப்பவில்லை. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பாலானவை விழுந்தன. பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சீரானது. ஆனால் ஊர் திரும்பவில்லை. மக்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஆலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

அந்த இரவில் பெரும்பாலும் ஜனங்களைக் கொன்றது காற்றல்ல, தண்ணீர். இதை நம் சபையார் நன்றாய் விளங்கிக்கொள்ளவேண்டும். கடல் ஏற்றம் என்பது பெரிய அலை அன்று. புயலின் காற்று பல மணி நேரம் ஒரே திசையில் கடலைத் தள்ளுகிறது. ஆழமான கடலானால் தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பி ஓடிவிடும். பாக் நீரிணையோ ஆழமற்றது. நீருக்குத் திரும்பிப்போக இடமில்லை. ஆகவே கடலே ஒட்டுமொத்தமாக உயர்ந்து கரையேறுகிறது, அதன்மேல் அலைகள் அடிக்கின்றன. ஒரு கன மீட்டர் நீரின் எடை ஆயிரம் கிலோ. மார்பளவு நீர் வேகமாய் ஓடும்போது நீச்சல் தெரிந்தவனும் நிற்கமாட்டான். இன்னொன்று: புயலின் நடுக்கண் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். முடிந்தது என்று எண்ணி வெளியே வருகிறவர்கள்மேல் எதிர்த்திசையிலிருந்து மறுபாதி வந்து விழும்.

1964-ல் எச்சரிக்கை போதிய அளவு போய்ச்சேரவில்லை. இன்று அப்படியல்ல. வானிலைத் துறை 72 மணி நேரத்துக்கு முன்னரே அதிகாரிகளை உஷார்ப்படுத்துகிறது. பிறகு 48 மணி நேரத்துக்கு முன், 24 மணி நேரத்துக்கு முன், 12 மணி நேரத்துக்கு முன் என்று அறிவிப்புகள் வருகின்றன. பாம்பன் துறைமுகத்தில் புயல்கூண்டு ஏறும். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 8 முதல் 10 வரை பேராபத்து. 11 ஏறினால், எச்சரிக்கும் அலுவலகத்தோடு தொடர்பே அற்றுவிட்டது என்று பொருள்.

தகவல் வந்தும் ஜனங்கள் ஏன் புறப்படுவதில்லை? அலட்சியம் என்று வெளியூர்க்காரர் எளிதாய்ச் சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் அப்படி எண்ணவில்லை. படகும் வலையும் கடன்பட்டு வாங்கியவை. இஞ்சினைக் கழற்றி மேடேற்றாமல் எந்த மீனவர் தன் குடிசையை விட்டுப் போவார்? பாட்டியை யார் தூக்குவது, ஆட்டுக்குட்டிகளை எங்கே கட்டுவது? இந்தச் சின்னக் கேள்விகளுக்கு நல்ல வெயில் நாளிலேயே பதில் தேடிவைக்காவிட்டால், புயல் நாளில் பதில் கிடையாது. தீவிலிருந்து வெளியே வரப் பாம்பன் கால்வாயைத் தாண்டியாகவேண்டும். காற்று குறிப்பிட்ட வேகத்தை மீறினால் ரயில் நின்றுவிடும். 1988-ல் திறந்த சாலைப் பாலத்திலும் பயணம் ஆபத்தாகும். ஆகவே பிரசவ வலி எடுத்த பிறகு புறப்படலாம் என்பது அங்கே செல்லாது.

பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரிக்குப் போன கப்பலில் 276 பேர் இருந்தார்கள். புறப்பட வேண்டாமென்று அவர் முன்னரே சொல்லியிருந்தார். புயலில் அகப்பட்ட பின்பும் அவர் ஜெபித்ததோடு நிற்கவில்லை. எல்லாரையும் சாப்பிடச் சொன்னார். கப்பலாட்கள் நாலு நங்கூரம் போட்டார்கள், கப்பலைக் கயிற்றால் சுற்றிக் கட்டினார்கள். விசுவாசத்துக்கும் கயிற்றுக்கும் சண்டையில்லை என்று நாங்கள் வார்டு ஜெபத்தில் சொல்வதுண்டு.

இனி எங்கள் கயிறுகளைச் சொல்லுகிறோம். நாள் நெருங்கிய தாய்மாரை, 48 மணி நேர அறிவிப்பு வந்தவுடனே துணைக்கு ஒருவரோடு அழைத்துவந்து தங்கவைக்கிறோம். உணவு மருத்துவமனையுடையது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இரண்டு வாரத்து மருந்து கொடுத்துவிடுகிறோம். மின்சாரம் நின்றால் ஐஸ் பெட்டி பயன்படாது. ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் சிறு பானையை இறக்கி, அதில் மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடச் சொல்லிக்கொடுக்கிறோம். நோய்ச்சீட்டையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லுகிறோம். ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சுவரோடு சங்கிலியால் பிணைக்கிறோம்.

புயல் போனபின்தான் எங்களுக்கு வேலை அதிகம். மணல் தீவில் நல்ல தண்ணீர் என்பது உப்பு நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம். தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டியே குடிநீர் எடுப்பார்கள். கடல் ஒருமுறை ஏறிவிட்டால் ஊற்று கரிக்கும். மறுபடியும் மழை பெய்து கழுவவேண்டும். அதற்குள் வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், தகரம் கிழித்த புண்கள், பாம்புக்கடி. ஆகவே பிளீச்சிங் பவுடர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், டெட்டனஸ் ஊசி மருந்து ஆகியவற்றை முன்னதாகவே வாங்கிவைக்கிறோம்.

புயலே இல்லாமலும் கடல் ஏறுவதுண்டு. தூரத் தென்கடலில் எழும்பும் அலை, சில நாள் கழித்து அமைதியான கரையில் வந்து அடிக்கும். கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் இப்படி மாண்டார்கள். ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் மையம் இதற்கும் எச்சரிக்கை தருகிறது. வாலிபர் சங்கத்தை உல்லாசப் பயணம் அழைத்துப்போகும் சபைகள் தயவுசெய்து அதைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கரையில் அடம்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் குப்பையென்று பிடுங்குகிறவர்களைப் பார்க்கிறோம். அவைதான் மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துகின்றன. மேடு போனால் தண்ணீருக்குத் தடையில்லை. கிராம முகாமில் மாத்திரை கொடுக்கும்போது இதையும் சொல்லுகிறோம். சிலர் சிரிக்கிறார்கள், வயதானவர்கள் தலையசைக்கிறார்கள்.

இவ்வாண்டின் தேவை ஒன்று உண்டு. எங்கள் ஜெனரேட்டர் தரைமட்டத்தில் இருக்கிறது. அதை ஆளுயரக் கான்கிரீட் மேடையில் ஏற்றவேண்டும். பிரசவ அறையின் விளக்கும் குழந்தைகளின் வெப்பப் பெட்டியும் அதை நம்பியிருக்கின்றன. வேலை கார்த்திகைக்குள் முடிய ஜெபித்துக்கொள்ளுங்கள். காணிக்கை அனுப்புகிறவர்கள் "மேடை" என்று குறிப்பிட்டு அனுப்பினால் அந்தக் கணக்கிலேயே வரவு வைக்கப்படும்.

உங்கள் ஜெபங்களை நாடும்,
மருத்துவமனைப் போதகரும் ஊழியரும்