வட்டைக்கும் வீதிக்கும் எந்த வாகனம்?

கல்முனையில் எனக்கு வீடு. வயல் மாவடிப்பள்ளிப் பக்கம். ஜிம்னியா, ஹைலக்ஸ் டபிள் கெப்பா என்று நானும் யோசித்தேன்.

ஜிம்னி சுமார் 1,100 கிலோதான். மணலில் எளிதில் புதையாது, சந்தை நெரிசலிலும் திரும்பும். நெல் மூட்டைக்கு இடமில்லை. ஹைலக்ஸ் மூட்டை ஏற்றும். வெறுமையாக ஓடினால் பள்ளங்களில் குலுக்கும். இரண்டிலும் நான்கு சில்லு இழுவையைக் காய்ந்த தார் வீதியில் போடக்கூடாது. வளைவில் முன், பின் சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முடியாமல் கியர்கள் இறுகிவிடும்.

ஆனால் 2024 நவம்பர் 26 அன்று, மத்ரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரத்தையே மாவடிப்பள்ளியில் வெள்ளம் அடித்துச் சென்றது. ஓடும் நீர் வாகனத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளும். சில்லு நிலத்தைப் பிடிக்காவிட்டால் எந்த இழுவையும் உதவாது. எதை வாங்கினாலும், வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் திரும்பிவிடுங்கள்.